லயம்

இரண்டாம் ஆண்டு, கோட்பாட்டு வகுப்பு.
ஒரே உறுப்பு, ஒரே இடைவெளி, திரும்பத் திரும்ப:
அதற்குப் பெயர் ரிதம் என்றார் விரிவுரையாளர்.
திரையில் ஏதோ நாட்டுத் தூண்கள், வெயில்.
குறிப்பேட்டில் தமிழில் எழுதினேன்: லயம்.
எழுதிவிட்டு
மொறட்டுவையின் அந்தக் குளிரூட்டிய அறையில்
தனியாகச் சிரித்தேன்.
பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்துத் தர்மிளாவுக்கு
விளக்க வரவில்லை.
அவளுக்கு அது சங்கீதம்.
எனக்கு முகவரி.

விடுமுறைக்கு ஒப்படை:
பழைய கட்டடம் ஒன்றை அளந்து வரைக.
விகாரை என்றார்கள் சிலர். வளவு என்றார்கள்.
காலிக் கோட்டைக்கு ஒரு கூட்டமே கிளம்பியது.
நான் நானுஓயாவில் இறங்கி
மூன்றாம் இலக்க லயத்தின் முன்னால் நின்றேன்,
கையில் அளவு நாடாவோடு,
வழி கேட்க வந்தவள் மாதிரி.

மில்லிமீற்றரில்தான் கேட்பார்கள்.
கட்டினவன் அடியில் கட்டியிருந்தான்,
நானும் அடியிலேயே அளந்தேன்.
மறுமுனையைப் பிடிக்க டிலுக்ஷன், ஆறாம் வகுப்பு,
சம்பளம் ஒரு பக்கெட் முறுக்கு.
எல்லாம் ஒன்றுதானே என்று
எங்கள் காம்பராவை மட்டும் அளந்தேன்.
உள்ளே பத்தடி. சுவர் ஒன்பது அங்குலம்.
மீதியைப் பெருக்கிக்கொண்டேன்.
பன்னிரண்டு காம்பரா, பதின்மூன்று சுவர்:
நூற்றி இருபத்தொன்பது அடி, ஒன்பது அங்குலம்.

வெளியே, கானோரமாக
முழு நீளத்தையும் இழுத்துப் பார்த்தால்
நூற்றி முப்பது அடி, இரண்டு அங்குலம்.

நாடா தொய்ந்திருக்கும் என்றேன். மீண்டும் இழுத்தோம்.
"அக்கா, லயம் வளருது" என்றான் டிலுக்ஷன்.

அப்புறம்தான் கதவு கதவாகப் போனேன்.
ஐந்தாம் காம்பராவில் அம்மன் காலண்டரைத் தூக்கினார்கள்:
பின்னால் ஓர் அங்குலம்.
ஏழில் கண்ணாடி அலமாரியை நகர்த்த நாலு பேர்.
ஒன்றரை. அதற்குள் கடதாசி, சீமெந்து, மறுபடி கடதாசி.
எட்டில் ஒரு நடிகரின் தோளுக்குப் பின்னால் முக்கால்.
பத்தில் எதையும் மாட்டியிருக்கவில்லை.
ஞானசுந்தரி வெறுமனே கையைக் காட்டினாள்.
ஒன்றே முக்கால்.
அதன் வழியே மலைப்பக்கத்துத் தேயிலை
ஒரு கீற்று தெரிந்தது.

"போன ஐப்பசி மழைக்கு" என்றாள்.
"ஆபீசுலேருந்து வந்து சிவப்புப் புள்ளி வச்சிட்டுப் போனாங்க.
இப்ப அளக்க நீதான் வந்திருக்கியா?"
இல்லை, இது படிப்புக்கு என்றேன்.
"படிப்புக்குன்னா"
என்று தொடங்கி, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அச்சு பற்றியும் படித்திருக்கிறேன்.
எந்தக் கதவில் நின்று நிமிர்ந்தாலும்
துரை பங்களாவின் புகைபோக்கி நேர் எதிரே.
வரைந்தவனுக்குக் கோட்பாடு தெரிந்திருக்கிறது.
கதவின் உயரம்தான் பிடிபடவில்லை போலும்:
அளவு காட்டவென்று எங்களுக்குத் தந்த மனித உருவத்தை
வாசலில் வைத்தால்
தலை நிலைக்கு மேலே போகிறது.
அந்த உருவத்துக்குக் குனியத் தெரியவில்லை.
இங்கே நாலு வயதில் கற்றுக்கொள்கிறார்கள்.

கிளம்பும்போது ஞானசுந்தரி கூப்பிட்டுக் கேட்டாள்:
"இது படத்துல விழுமா புள்ள?"
விழும், என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.
அவள்தான் முதலில் சிரித்தாள்.

இரவு, இஸ்தோப்பில், குண்டு பல்பின் கீழ்
பெருக்கி வரைந்த தாளைக் கிழித்துவிட்டு
பன்னிரண்டையும் தனித்தனியாகப் போட்டேன்.
ஒன்று மற்றதைப் போல இல்லை.
சுவருக்குத் தடித்த பேனா, ஓட்டுக்கு மெல்லியது
என்று சொல்லித் தந்திருக்கிறார்கள்.
விரிசலுக்கு எது என்று யாரும் சொல்லவில்லை.
இருப்பதிலேயே மெல்லியதை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.
சுவருக்குரியதை எடுத்தேன்.

மழை பிடித்துவிட்டது.
தகரத்துக்குக் கீழே எல்லாக் காம்பராவும் ஒரே காற்று:
பத்தில் யாரோ ஆணி அடிப்பது
இங்கே கேட்கிறது.
இரண்டு அடி. ஒரு நிறுத்தம். ஓர் அடி.
நெடுநேரம் எதுவுமில்லை.
பிறகு இன்னொன்று.